பழைய கட்டுரையின் பிறந்த தேதி

ஏப்ரல் 14, 2025, திங்கள்

விசுவாவசு ஆண்டு பிறந்தது. வேப்பம்பூ ரசம் சாப்பிட்ட கையோடு அக்கா மகள் பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் போட்டாள். உள்ளே தீபாவளி மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், கீறல் விழுந்த சிடிக்கள், ஒரு பென் டிரைவ். 2005க்கும் 2012க்கும் நடுவில் நான் எழுதியதில் முக்கால்வாசி இதற்குள்தான் கிடக்கிறது.

"மாமா, இதையெல்லாம் எடைக்குப் போட்டுரலாமா?"

அவளுக்கு வயது பத்தொன்பது. தூசி அவளுக்கு ஆகாது. எதற்கும் இருக்கட்டும் என்று மேலே கிடந்த இதழைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். போடி லைனில் கடைசி மீட்டர் கேஜ் ரயில் போன கதை. தூசி தட்டாமலே நின்றபடி படித்து முடித்தாள். "நம்மூர்ல ரயில் நின்னுபோயிருந்துச்சா? எத்தனை வருஷம்?" என்றாள்.

எனக்குத்தான் அது பழைய கட்டுரை, அவளுக்கு இன்று வந்தது. அன்று படித்தவர்களில் பலர் இப்போது இல்லை, இருப்பவர்களுக்கும் நினைவிருக்காது. இன்று தேனியில் ரயிலேறிச் சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதை உண்டென்றே தெரியாது. எடைக்குப் போடுவதில்லை என்று முடிவானது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பென் டிரைவ் திறந்தது, கோப்புகள் திறக்கவில்லை. சரியாகச் சொன்னால், திறந்தன, தமிழாக இல்லை. அந்த நாளில் ஒரு பத்திரிகை பாமினி எழுத்துருவில் கேட்கும், இன்னொன்று டிஸ்கியில் கேட்கும். பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பக்கம் முழுக்க அப்படி நின்றது. 2010 ஜூனில் தமிழக அரசே யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்பு எழுதியவர்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும்.

பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டினேன், ஒரே நொடியில் தமிழ் வந்தது. அதோடு வேலை முடியவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கட்டுரையில் 'கௌமாரி' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை, கண்ணுக்கு எதிரே சொல் இருக்கிறது. அந்தக் காலத் தட்டச்சில் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு வைத்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அம்மன் பெயரைத் தேடி வருகிறவர் இந்தக் கட்டுரைக்கு வந்து சேரவே முடியாது. நான்காம் எண்ணுக்கும் 'ச'வுக்கும், 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இதே குழப்பம். சாயங்காலம் வரை இதுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

பழையதை மறுபடி கொடுப்பதைக் குறைவாகப் பேசுகிற நண்பர் ஒருவர் உண்டு. சரக்கு தீர்ந்துவிட்டது, அதனால்தான் பழையதைத் தூசி தட்டுகிறார்கள் என்பார். தமிழ்ப் பத்திரிகை உலகம் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் நமக்குப் பாதி நூலகம் கிடைத்திருக்காது. உ.வே.சாமிநாதையர் இதழ்களில் எழுதிய கட்டுரைகளைத் திரட்டித்தான் 'நான் கண்டதும் கேட்டதும்', 'பழையதும் புதியதும்' என்று நூல்களாக்கினார். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பாதியில் 1942இல் அவர் காலமானார், புத்தகமானது 1950இல். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி ஒருமுறை வந்ததோடு நின்றதா? கல்கி பத்திரிகையிலேயே தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி தொடரானது. முதலில் மணியம் படம், பின்னால் பத்மவாசன் படம். எழுத்தில் கை வைக்கவில்லை. புது வாசகனுக்குப் புதுப் படம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தூரத்துக் கதை எதற்கு? எங்கள் பழனிசெட்டிபட்டியிலிருந்தே தேனி மு. சுப்பிரமணி 2006 முதல் 'முத்துக்கமலம்' இணைய இதழை நடத்தி வருகிறார். அச்சிதழ் என்றால் அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். இங்கே பழைய கட்டுரையும் கதையும் பொருள் வாரியாக அப்படியே இருக்கின்றன, என்றைக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் திறந்து கிடந்தால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை. வாசலில் நின்று யாராவது கூப்பிட வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரயில் கட்டுரையைக் கையில் எடுத்தேன். 2011 ஜனவரியில் வந்தது. அகலப்பாதைக்காக மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 டிசம்பரோடு நிறுத்தியதையொட்டி எழுதியது. கடைசி வரி இப்போது படிக்கையில் பல்லை இளிக்கிறது: "இன்னும் சில ஆண்டுகளில் அகல ரயில் வந்துவிடும்." தேனிக்கு அது வந்தது 2022 மே 26 அன்று. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15 அன்று. அன்றுதான் சென்னை ரயிலும் போடியிலிருந்து கிளம்பியது. நடுவில் பதினோரு வருடம் தேனி மாவட்டத்துக்கு ரயிலே கிடையாது. மதுரைக்குப் போக வேண்டுமென்றால் ஆண்டிபட்டி கணவாய் வழியே பஸ்தான்.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரைக் கேட்டேன். "எடுக்காதீக தம்பி. அன்னைக்கு நாம எல்லாரும் அப்படித்தான நம்புனோம். அதுவும் சேதிதான?" என்றார். அதோடு இன்னொன்றும் நினைவூட்டினார். 1928இல் போட்ட அந்தப் பாதையை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போய், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். ஆக இந்த ஊருக்கு ரயில் நின்றுபோய்த் திரும்ப வந்தது இது இரண்டாவது முறை. 2011இல் இந்த விவரத்தை எழுதியபோது அது ஒரு வரலாற்றுக் குறிப்பு. இப்போது கட்டுரையின் முதல் வரியாகவே அதை வைக்கலாம்.

வைக்கவில்லை. உடம்பைத் தொடாமல், கீழே 'பின்குறிப்பு, ஏப்ரல் 2025' என்று தனியாக இரண்டு பத்தி எழுதினேன். மேலே நான் சொன்னது எந்த நாளின் பேச்சு, கீழே சொல்வது எந்த நாளின் பேச்சு என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். தலைப்பை மட்டும் மாற்றினேன். 'போய் வா, போடி மெயில்' என்று ஒரு பழைய அழுகைத் தலைப்பு. அது அன்று ரயிலை வழியனுப்பியவர்களுக்குப் புரியும். ரயிலே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்கு 'தேனிக்கு ரயில் இல்லாத காலம்' என்றால்தான் உள்ளே வரத் தோன்றும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று கைவைத்தது முல்லைப்பெரியாறு அணைக் கட்டுரை. இது ரயில் மாதிரி இல்லை, கையைச் சுடும்.

2009இல் எழுதியது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதித்ததும், உடனே கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136 அடியிலேயே நிறுத்தியதும், கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போகம் காய்ந்ததும் அதில் இருக்கிறது. எழுதிய நாளில் ஒவ்வொரு வரியும் சரி. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது; அந்த வருடம் நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. ஆகவே "அணையில் 136 அடிக்கு மேல் தேக்க முடியாது" என்ற என் வரியை யாராவது தேதி இல்லாமல் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் அது பச்சைப் பொய். என் பெயரிலேயே பொய்.

அணைப் பிரச்சினை கொதித்த 2011 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. கம்பத்திலும் குமுளி ரோட்டிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள், எல்லையில் வண்டிகள் நின்றுபோயின. எது இன்றைய செய்தி, எது போன வருடத்துச் செய்தி என்று பிரிக்க முடியாதபடி வதந்தி ஓடியது. அப்போது வாட்ஸ்அப் ஊரில் யாரிடமும் இல்லை. இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அணை, எல்லை, மழை, நோய், அரசு உதவித்தொகை: இந்த விஷயங்களில் பழைய கட்டுரையைப் பின்குறிப்போடு கொடுத்தால் கூடப் போதாது. பின்குறிப்பை யார் கடைசி வரை படிக்கிறார்கள்?

அதனால் இதை மறுபடி வெளியிடப் போவதில்லை. அணையைக் கட்டிய பென்னிகுவிக் பற்றியும், 1895இல் முடிந்த அணை வேலை பற்றியும், மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியது பற்றியும் அதில் இருக்கும் பத்திகளை மட்டும் பிரித்துத் தனிக் கட்டுரையாக்கலாம். அவை எந்தத் தீர்ப்பாலும் மாறாது. வழக்கு பற்றியதைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

திராட்சைக் கட்டுரை. 2008 விலை, 2008 கூலி எல்லாம் அப்படியே கிடக்கிறது, சிரிப்பு வருகிறது. விலையை நீக்கவில்லை, பக்கத்தில் ஆண்டைப் போட்டேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு வரியில் சேர்த்தேன். முடிந்தது.

ஏப்ரல் 26, சனி

என் கட்டுரை ஒன்றை ஒரு யூடியூப் சேனலில் ஒருவர் குரல் கொடுத்து வாசிக்கிறாராம், அக்கா மகள் காட்டினாள். என் பெயர் எங்கேயும் இல்லை. 'நம்ம ஊர் ரகசியம்' என்று தலைப்பு, பின்னணியில் உடுக்கை. எனக்கு வராத வாசகர்கள் அவருக்கு வந்திருக்கிறார்கள். கோபம் ஒரு பக்கம், இவ்வளவு பேர் உட்கார்ந்து கேட்கிறார்களே என்ற வியப்பு ஒரு பக்கம். பேசிப் பதிவு செய்தால் வேறு ஆட்கள் வருவார்கள் என்பதை இவர் எனக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உடுக்கை மட்டும் வேண்டாம்.

இந்தச் சாக்கில் உரிமை விவகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதியது என்றால் அதைப் பத்திரிகையில் போடும் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதி அனுப்பியது என்றால், எழுத்து மூலம் உரிமையைத் தராத வரையில் அது எழுதியவருடையதுதான். எழுதிக் கொடுத்திருந்தாலும், எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் கணக்கு. நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. இருந்தாலும் இதழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. ஒருவர் உடனே பதில் போட்டார்: "தாராளமா போடுங்க. முதல்ல எங்க இதழ்ல வந்ததுனு ஒரு வரி போட்டுருங்க, போதும்."

ஏப்ரல் 29, செவ்வாய்

அந்த ஒரு வரிதான் எல்லாமே என்று தோன்றிக்கொண்டிருக்கிறது. ஜெயமோகன் தன் இணையதளத்தில் பழைய கட்டுரைகளை அடிக்கடி மறுபிரசுரம் செய்கிறார்; அடியில் முதற்பிரசுரத் தேதி இருக்கும். புதிதாக வந்தவர் புதிதாகப் படிக்கலாம், பழைய வாசகர் தேதியைப் பார்த்துவிட்டு நகரலாம். இருவருக்கும் ஏமாற்றம் இல்லை. தேதியை எடுத்துவிட்டுப் புதுச்சரக்கு போலக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முந்தாநாள் வைத்த குழம்பைச் சுட வைப்பதில் தவறில்லை, இன்று வைத்தது என்று பரிமாறினால்தான் தவறு.

மின்னூலாக்கலாம் என்பது அக்கா மகளின் யோசனை. கணியம் ஆட்கள் நடத்தும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' 2013 முதல் இதைத்தான் செய்கிறது. இணையத்தில் சிதறிக் கிடந்த எழுத்துகளை, எழுதியவரிடம் கேட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூலாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். கைப்பேசிக்கு ஒரு வடிவம், கிண்டிலுக்கு ஒரு வடிவம், அச்சடித்துப் படிக்க ஏ4 அளவில் ஒன்று. யாரும் எடுத்துப் பகிரலாம், பெயரைச் சொல்ல வேண்டும். உடுக்கைக்காரர் போல ஒருவர் எடுத்தாலும் பெயர் இல்லாமல் எடுத்தால் கேட்க ஒரு பிடி இருக்கும்.

மே 2, வெள்ளி

வீரபாண்டி ரோட்டில் பந்தல்கள் எழும்பிவிட்டன. திருவிழா நெருங்குகிறது. ஆயிரங்கண் பானை, தீச்சட்டி, உடம்பெல்லாம் சேறு பூசி வரும் சேத்தாண்டி வேடம் என்று நான் எழுதிய கட்டுரை 2007இல் வந்தது. அதை ஆவணியில் போட்டால் எவரும் தொடமாட்டார். இந்த வாரம் போட்டால் சென்னையிலும் திருப்பூரிலும் லீவு கிடைக்காமல் கிடக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாங்களே தேடி வந்து படிப்பார்கள், வீட்டு குரூப்பில் போடுவார்கள். ரயில் கட்டுரையை ஜூன் 15க்கு வைத்திருக்கிறேன். பென்னிகுவிக் பிறந்தநாள் ஜனவரி 15, அது அடுத்த பொங்கலுக்கு. பஞ்சாங்கத்தில் பென்சிலால் குறித்துவிட்டேன்.

நேற்று மாலையே திருவிழாக் கட்டுரையைத் திருத்தி வெளியிட்டுவிட்டேன். ராத்திரியே துபாயிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். ஊரை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டதாம். "சேத்தாண்டி வேசம் இன்னும் போடுறாகளா?" என்று கேட்டிருந்தார். போடுகிறார்கள் என்று பதில் போட்டேன்.

மே 4, ஞாயிறு

பெட்டி பாதி காலி. மறுபடி கொடுக்கத் தகுந்தது கால்வாசிதான் தேறியது. மீதியில் சில அந்த வாரத்துக்கு எழுதி அந்த வாரத்தோடு முடிந்தவை, சில இன்று படித்தால் எனக்கே அலுக்கிறவை. அவற்றை இனி யார் கேட்டாலும் தருவதாக இல்லை, எடைக்குப் போகட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் மலரிலோ சிற்றிதழிலோ உள்ளூர் இதழிலோ எழுதியவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியையும் இந்தக் கோடையில் இறக்குங்கள். பாமினியில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுங்கள், 'கௌ' சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் முதலில் வந்த இதழின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தேனி ரயில் நிலையத்தின் மீட்டர் கேஜ் காலப் படம் யாரிடமாவது இருந்தால் ஜூன் 15க்கு முன்னால் அனுப்புங்கள். எடுத்த ஆண்டு தெரிந்தால் படத்தின் பின்னால் எழுதி அனுப்புங்கள்.