வலிமையும் விரைவும்

அறிவியல் படிக்க வந்தவனுக்கு அடியும் உதையும் எதற்கு என்று கேட்கும் நண்பர் பலர். எடை தூக்கினால் தசை இறுகும், விரைவு குன்றும் என்று எச்சரிப்போரும் உளர். பெங்களூரில் ஈராண்டாகக் கிக்பாக்ஸிங் பயிலும் நான், இரண்டிற்கும் விடை கூற விழைகிறேன்.

எடையைப் பற்றி முதலில் பார்ப்போம். உதையின் வலிமை உதைக்கும் காலில் மட்டும் பிறப்பதன்று. ஊன்றிய கால் தரையை உந்துகிறது. அவ்வுந்துதல் இடுப்பின் சுழற்சியாகிறது. சுழற்சி தொடை வழியே கணைக்காலை அடைகிறது. குத்தும் அப்படியே, பாதத்தில் தொடங்கித் தோள் வழியே கைக்கு வருகிறது. ஆகவே, பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட்டும் உதைப்பவனுக்கு உற்ற துணைகள்.

ஆனால், பெருஞ்சுமை மட்டும் போதுமா? போதாது. தசை தன் முழு விசையையும் காட்டச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் குத்து இலக்கைத் தொட்டுவிடும். 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில், 1938-இல் தவளையின் தசையை ஆராய்ந்து ஒரு விதி கண்டார். சுமை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும் என்பதே அது. விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது திறன். மிகுந்த சுமையில் வேகம் இல்லை. வெறுங்கையில் விசை இல்லை. திறனின் உச்சம் இடையிலேதான் இருக்கிறது.

எனவே வாரத்தில் இருநாள் பெருஞ்சுமையை ஐந்து முறைக்கு மேற்படாமல் தூக்குகிறேன். பின்னர் இலேசான சுமையோடு துள்ளுகிறேன். மெடிசின் பந்தைச் சுவரில் விசையுடன் எறிகிறேன். மற்ற நாட்களில் உதைப் பயிற்சி. எழுபது கிலோ உடலோடு இன்று நூறு கிலோ சுமந்து எழுகிறேன். குத்துப்பையில் விழும் உதையின் ஓசையே மாறிவிட்டது. விரைவு குன்றவில்லை.

இந்நகருக்கு எடைப் பயிற்சி புதிதன்று. கே. வி. ஐயர் இங்கே வியாயாமசாலை நடத்தியவர். 1930-இல் ‘மஸில் கல்ட்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டவர். ‘சாந்தலா’ என்ற கன்னட நாவலைப் படைத்தவரும் அவரே! உடலை வளர்ப்போர் ஏட்டைத் தொடார் என்பார்க்கு அவர் வாழ்வே மறுமொழி.

இனி, எதற்கு என்ற கேள்வி. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்தும் பலன் தெரியாத காலங்கள் உண்டு. ஊரும் உறவும் தொலைவில் இருக்கையில் அவ்வெறுமை மனத்தை அரிக்கும். உடற்பயிற்சிக் கூடத்திலோ, இம்மாதம் ஐந்து கிலோ கூடினால் அது கண்கூடு. அதனினும் பெரிது ஒன்றுண்டு. பெஞ்சில் படுத்து, அறுபது கிலோவை நெஞ்சுக்கு நேரே இறக்கும்போது, தலைமாட்டில் ஒரு கன்னட நண்பர் நிற்கிறார். என் கை தளர்ந்தால் தாங்குவது அவர் கை. ‘ஒந்து, எரடு, மூரு’ என்று அவர் எண்ணுகிறார். நான் அவரை ‘அண்ணா’ என்கிறேன்; அச்சொல் இரு மொழிக்கும் பொது. விடுதியறைக்குள் அடைந்து கிடந்திருந்தால் அந்த உறவு எனக்கு வாய்த்திராது.

நண்பர்களே, தேர்வு நெருங்குகிறது என்று தயங்க வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெறும் பாரில் தொடங்குங்கள். எண்ணிக்கை சொல்ல நான் வருகிறேன்.