895 பேரில் ஏழு பேர்

குவீன்ஸ், நியூயார்க்



2019 மார்ச்சில் இந்த நகரத்துப் பெற்றோர்கள் வாயில் ஒரே ஒரு எண்தான் அடிபட்டது. ஸ்டைவெசன்ட் உயர்நிலைப் பள்ளி அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு 895 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதில் கறுப்பினப் பிள்ளைகள் ஏழு பேர். லத்தீனோக்கள் 33, வெள்ளையர் 194, ஆசியர் 587. அப்போது நகரத்து அரசுப் பள்ளிகளில் சுமார் 11 லட்சம் பேர் படித்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும். ஆசியர்கள் ஆறில் ஒரு பங்குதான். பத்திரிகைகள் பொங்கின, அரசியல்வாதிகள் வெட்கம் என்றார்கள். 2021இல் 749 இடங்களில் எட்டு, 2023இல் 762 இடங்களில் மறுபடி ஏழு. வசந்தகாலம் வந்தால் இந்தக் கணக்கு வரும், நாலு நாள் பேச்சு நடக்கும், அப்புறம் அடங்கிவிடும். அப்படி அடங்கிவிடக் கூடாது என்பதால்தான் இந்த மடல்.

ஸ்டைவெசன்ட் தனியார் பள்ளி அல்ல. 1904இல் தொடங்கிய, ஒரு காசு கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி. ஹட்சன் நதியோரம் பத்து மாடிக் கட்டடம். நோபல் பரிசு பெற்ற நால்வர் இங்கே படித்தவர்கள். எழுத்தாளர் ஃப்ராங்க் மெக்கோர்ட் பல ஆண்டுகள் இங்கே ஆங்கில ஆசிரியராக இருந்தார். தனியார் பள்ளிக்குக் கட்டப் பணமில்லாத குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டுக்கோ எம்.ஐ.டி.க்கோ போக இந்த நகரத்தில் இருக்கும் நேர்வழி இதுதான் என்று இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள்.

உள்ளே போக ஒரே வழி, எட்டாம் வகுப்பில் எழுதும் நுழைவுத்தேர்வு. மூன்று மணி நேரம், 114 கேள்விகள், பாதி ஆங்கிலம், பாதி கணிதம். பள்ளியில் வாங்கிய மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை, வீட்டு நிலைமை எதுவும் கணக்கில் வராது. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுவார்கள். ரேங்க் வரிசைப்படி, சிறப்புப் பள்ளிகள் எனப்படும் எட்டுப் பள்ளிகளின் இடங்கள் நிரம்பும். ஸ்டைவெசன்டின் கட்-ஆஃப்தான் எல்லாவற்றிலும் உயரம். இந்த முறையை மேயர் நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாது. தேர்வு பாரபட்சமானதா என்று நகரக் கல்வித்துறை ஆராயத் தொடங்கியதுமே, 1971இல் மாநிலச் சட்டமன்றம் ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டம் கொண்டுவந்தது. ஸ்டைவெசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்று பள்ளிகளுக்கும் தேர்வு ஒன்றே அளவுகோல் என்று அந்தச் சட்டம் பூட்டுப் போட்டுவிட்டது.

இந்தத் தேர்வு கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிராகவே உருவாக்கப்பட்டது என்று ஒரு தரப்பு சொல்கிறது. திறமையை அளக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பதில் சொல்ல வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. 1970களின் இறுதியில் ஸ்டைவெசன்டில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் கறுப்பின மாணவர். 1980களின் தொடக்கத்தில் புரூக்ளின் டெக்கில் சுமார் பாதிப் பேர் கறுப்பினத்தவர். அப்போதும் நுழைவுத்தேர்வுதான், அதே சட்டம்தான். அப்படியென்றால் இடையில் மாறியது எது?

தேர்வுக்கு முந்தைய எட்டு ஆண்டுகள்தான் மாறின. பிராங்ஸிலும் மத்திய புரூக்ளினிலும் கறுப்பின, லத்தீனோ குடியிருப்புகளின் நடுநிலைப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புகள் இருந்தன. அங்கே படித்தவர்கள்தான் அன்று புரூக்ளின் டெக்கை நிரப்பினார்கள். அந்த வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2008இல் ஆரம்பப் பள்ளிகளின் திறன்மிகு வகுப்புகளுக்கு நகரம் முழுவதற்கும் ஒரே கட்-ஆஃப் வைத்தார்கள். நாலு வயதுக் குழந்தைக்குத் தேர்வு! விளைவாக, ஏழைகள் வாழும் சில வட்டாரங்களில் அப்படி ஒரு வகுப்பு தொடங்கக்கூடப் போதிய பிள்ளைகள் தேறவில்லை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதமே கற்றுத்தராத நடுநிலைப் பள்ளிகளும் ஏராளம். கற்றுத்தராத பாடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் போட்டி போடும்? 2018இல் மேயர் அலுவலகமே ஒரு கணக்கு சொன்னது: நகரத்தில் சுமார் 600 நடுநிலைப் பள்ளிகள் இருக்க, சிறப்புப் பள்ளிகளில் இடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் வெறும் 21 பள்ளிகளிலிருந்து வந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் பள்ளிகளில் சில, இப்படி ஒரு தேர்வு இருப்பதையே பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

ஆசியப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அவர்கள் நடுவில்தான் வாழ்கிறேன். குவீன்ஸில் ஃப்ளஷிங், ஜாக்சன் ஹைட்ஸ் கடைத்தெருக்களில் மளிகைக் கடைக்கு மேல்மாடியெல்லாம் கோச்சிங் சென்டர்கள். சீன, வங்கதேச, இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறுகளையும் கோடை விடுமுறையையும் அங்கேதான் கழிக்கிறார்கள். அப்பா டாக்சி ஓட்டுவார், அம்மா உணவகத்திலோ நகப்பூச்சுக் கடையிலோ வேலை பார்ப்பார். வாடகை போக மிஞ்சும் பணம் கோச்சிங்குக்குப் போகிறது. ஸ்டைவெசன்ட் மாணவர்களில் கணிசமானோர் வருமானம் குறைந்த குடும்பத்தவர்கள். வசதி படைத்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இவர்களைப் பார்த்துச் சொல்வது அநியாயம்.

ஃப்ளஷிங் பவுன் தெருப் பிள்ளையார் கோவில் கேன்டீனில் ஒரு தங்கை என்னிடம் கேட்டார்: “அண்ணா, நாங்க ராத்திரி பகலா உழைச்சுப் பிள்ளையைப் படிக்க வெச்சோம். அது தப்புன்னு சொல்றாங்களே, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?” இல்லை அம்மா, உங்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை என்றேன். ஆனால் அரசுப் பள்ளியில் ஏழு வருடம் படித்த பிள்ளை, அரசுப் பள்ளியில் சேரத் தனியாரிடம் பணம் கட்டிப் படிக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தப்பு யாருடையது என்றும் கேட்டேன். பணம் கட்ட முடிந்தவர்களை அந்தத் தப்பு பாதிக்கவில்லை. வழி தெரியாதவர்களைத்தான் பாதிக்கிறது.

2018 ஜூனில் மேயர் டி பிளாசியோ தேர்வையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் ஏழு சதவீதம் பேருக்கு இடம் தரலாம் என்றார். சீனப் பெற்றோர்கள் நகர மண்டபத்தின் முன் திரண்டார்கள். மறு ஆண்டு சட்டமன்றத்தில் அந்தத் திட்டம் நின்றுபோனது. மேயர் கைக்குள் இருந்த டிஸ்கவரி திட்டம் மட்டும் விரிந்தது. கட்-ஆஃபைச் சற்றே தவறவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடையில் பாடம் நடத்தி இடம் தரும் திட்டம் அது. அதற்கும் வழக்கு வந்தது. ஏழு சதவீதத் திட்டத்தின் பெரிய குறை, ஆசியப் பெற்றோரோடு கலந்து பேசாமல் அறிவித்தது. அதன் நியாயம், எல்லாப் பள்ளிகளிலும் முதல் மாணவர் உண்டு என்று ஒப்புக்கொண்டது.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பத்தக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் இத்தகைய பள்ளிகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்-ஆஃபைக் கொஞ்சம் தாண்டி உள்ளே போனவர்களையும், கொஞ்சத்தில் தவறி வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்பாடு எழுதிய தேர்வுகளில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளியின் பெயருக்குக் காரணம் பெரும்பாலும் அது பொறுக்கி எடுத்த பிள்ளைகள்தான் என்பதே இதன் பொருள். ஒரு கட்-ஆஃபில் தவறிய பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிடவில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் பள்ளிதான் சிறந்த பள்ளி என்பதும் உறுதியில்லை. எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளையை நாலு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கவைத்து அனுப்பும் பள்ளி பிராங்ஸில் இருக்கிறது. அதன் வாசலில் கேமரா போவதில்லை.

நம் ஊருக்கும் இது அந்நியச் சங்கதியல்ல. மருத்துவ நுழைவுத்தேர்வான நீட் வந்தபின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் படிக்கப் போனவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும் முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரே வருடத்தில் அறிவாளிகளாகிவிடவில்லை. கதவுதான் திறந்தது. நியூயார்க் இன்னும் அதைச் செய்யத் தயங்குகிறது.

என் கருத்து இதுதான்: மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றே வாசலாக இருப்பது தவறு. தேர்வு இருக்கட்டும். கூடவே பள்ளி மதிப்பெண்ணும் ஒவ்வொரு பள்ளியின் முதல் மாணவர்களும் கணக்கில் வரட்டும். அதற்கும் முன்னால் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் இயற்கணித ஆசிரியரும் இலவசப் பயிற்சியும் போய்ச் சேரட்டும். ஆறாம் வகுப்பில் கவனிக்காமல் விட்டதை எட்டாம் வகுப்பு நுழைவுத்தேர்வால் சரிசெய்ய முடியாது.

அடுத்த மே மாதம் உங்கள் ஊர்ப் பள்ளிகள் ரேங்க் பட்டியலும் படங்களும் போட்டு விளம்பரம் செய்யும். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் எப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தீர்கள்? நடுவில் யாரையெல்லாம் வெளியே அனுப்பினீர்கள்? பதிலைக் கேட்டபின் உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.