தாத்தாவின் நிறம்

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதைக் கடந்தவர்கள் அனைவரும் அடையாள அட்டை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அட்டைக்காகப் பிடித்த படங்களில் மிஞ்சிய கறுப்பு வெள்ளைப் பிரதி அது. தோட்டத்தை விட்டுக் கம்போங் மேடான் அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது, பாட்டி அதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்தார்.

“கண்ண மூடுறதுக்குள்ள அவரு படத்தப் பெருசா மாட்டிப் பாத்துடணும்யா” என்றார் ஒருநாள்.

கடையில் கொடுத்துப் பெரிதாக்கினேன். பாட்டி ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார். “யாருய்யா இது? ஒங்க தாத்தா நல்ல கறுப்பாச்சே!” உண்மைதான். முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பச்சைச் சாயல் வேறு.

என்னிடமிருந்த இங்க்ஜெட் அச்சுப்பொறியில் நானே முயன்றேன். தாத்தா செம்மை பூசி வந்தார். ஏன் என்று தேடியபோதுதான் புரிந்தது: அச்சுப்பொறி சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் உருவாக்குவதில்லை, சியான், மெஜந்தா, மஞ்சள் மைகளையும் கலக்கிறது. அந்தக் கலவை இம்மி பிசகினாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு மருந்து ‘புரொஃபைல்’ எனும் நிறவிவரக் கோப்பு. நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை எந்தத் திருத்தமுமின்றி அச்சிட்டு, ஓர் இரவு காயவிட்டு, சீனியர் அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கிய நிறமானியால் ஒவ்வொன்றாக அளந்தேன். 1976-இல் வகுக்கப்பட்ட ‘லேப்’ அளவுமுறையில் ‘எல்’ வெளிச்சத்தைக் குறிக்கும். ‘ஏ’ பச்சைக்கும் சிவப்புக்கும் இடைப்பட்டது. ‘பி’ நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது. ஏ, பி இரண்டும் சுழியமானால் அது சாயமற்ற சாம்பல். அளவுகளைக் கொண்டு மென்பொருள் திருத்தத்தைக் கணக்கிட்டது. ஆனால் அந்தக் கோப்பு அதே அச்சுப்பொறி, அதே மை, அதே தாளுக்கு மட்டுமே பொருந்தும்.

கூடத்து விளக்கில் படம் அருமையாக இருந்தது. மறுநாள் காலை நடைவழி வெயிலில் பார்த்தால், மீண்டும் செம்மை! வண்ண மைகளால் கலந்த சாம்பல், ஒளி மாறினால் தானும் மாறும். கோப்போ ஒரே ஒரு தர ஒளிக்குக் கணக்கிடப்பட்டது.

கடைசியில் வண்ண மைகளை ஒதுக்கினேன். பளபளப்பில்லாத தாளில் கறுப்பு மை மட்டும். சாம்பல் படிகளை அளந்து, இருண்ட பகுதிகள் அடைத்துப் போகாமல் சரிசெய்தேன். அருகில் பார்த்தால் சிறு புள்ளிகள் தெரியும்; எட்ட நின்றால் தெரியாது. வெயிலிலும் விளக்கிலும் ஏறக்குறைய ஒரே முகம்.

2001 மார்ச்சில் ஆறு பேரைப் பலிகொண்ட கலவரத்தால் எங்கள் ஊர்ப்பெயர் நாடெங்கும் தெரிந்தது. இன்றும் ஊரைச் சொன்னால் சிலர் முகத்தில் ஒரு சாயம் ஏறும். அதை அளக்கக் கருவி இல்லை.

பாட்டி படத்தின் கன்னத்தைத் தடவினார். “இவருதான்யா” என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டு மஞ்சள் துணியிலும் ஒரு படம் இருக்கலாம். அவிழ்த்துப் பாருங்கள். பெரிதாக்கினால், இருந்த நிறத்திலேயே பெரிதாக்குங்கள்.