பாலஸ்டியரில் வாங்கிய வெயில்

அம்மா ஈசூனில் உள்ள என் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா காலமான பிறகு கெடாவில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். சாப்பாட்டுக்கும் வசதிக்கும் குறை இல்லை. ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு, மாலை ஏழு மணி வரை அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய பழுத்த மிளகாயிலிருந்தும் தக்காளியிலிருந்தும் விதை எடுத்து, காலி தயிர் டப்பாக்களில் ஊன்றினார். எல்லாம் அழகாக முளைத்தன. பத்தே நாளில் தண்டு நூல்போல நீண்டு, இலை வெளிறி, சன்னல் பக்கம் கழுத்தை நீட்டிச் சாய்ந்துவிட்டன. இப்படி மூன்று முறை.

மூன்றாவது முறை டப்பா மண்ணைக் கொட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த வீட்ல எதுவும் வேர் பிடிக்காது மா. நான் ஊருக்கே போயிடறேன்.”

மிளகாயை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அம்மா செம்பனைத் தோட்டத்து நர்சரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். பைகளில் மண் நிரப்புவது, முளைவிட்ட விதையை நடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் கை பழகிய வேலை. இளம் கன்றுகளை நேர் வெயில் சுட்டுவிடும் என்பதால் முதல் சில மாதங்கள் நிழல் வலைக்குக் கீழேதான் வைப்பார்கள். வெயிலை மறைத்துச் செடி வளர்த்தவருக்கு, வெயில் போதாமல் செடி சாகும் என்பது புதுப் பாடம்.

கண்ணுக்கு வெளிச்சம், செடிக்கு இருட்டு

எங்கள் வீவக வீடு வடக்குப் பார்த்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சிங்கப்பூரில் வடக்குப் பார்த்த சன்னலுக்கு ஜூன் மாதத்தை ஒட்டித்தான் நேர் வெயில் வரும். ஆண்டுக் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போதுதான் மழைக்காலமும். அம்மா விதை போட்டது நவம்பரில்.

“வீடு வெளிச்சமாத்தானே இருக்கு?” என்று எனக்கும் தோன்றியது. கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு செயலியைப் பதிவிறக்கிப் பார்த்தேன். கூரை விளக்கின் கீழ் சாப்பாட்டு மேசையில் 150 லக்ஸ். சன்னல் ஓரத்தில், காலை பத்து மணிக்கு, 900. திறந்தவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கைப்பேசி துல்லியமான கருவி இல்லை, ஒப்பிடுவதற்குப் போதும். நம் கண் மங்கலான இடத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. செடியால் அது முடியாது. வெளிச்சம் எங்கே என்று தேடி, இருக்கும் சத்தை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழித்துவிட்டு விழுந்துவிடுகிறது.

நான் முதலில் செய்தது தவறு. இணையத்தில் ஊதா நிறத்தில் ஒளிரும் ‘செடி விளக்கு’ ஒன்றை 45 வெள்ளிக்கு வாங்கினேன். பெட்டியில் 1000 வாட் என்று பெரிய எழுத்து. அடியில் பொடி எழுத்தில் இருந்த உண்மையான மின்செலவு 20 வாட். அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரிந்தது. பழுக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. “திருவிழா லைட்டு மாதிரி இருக்கு” என்று அம்மா துண்டு போட்டு மூடிவிட்டார்.

பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். காணொளிகளில் அமெரிக்கர்கள் ‘ஷாப் லைட்’ என்று ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். பட்டறையிலும் கார் கொட்டகையிலும் தொங்கவிடும் நீளமான சாதாரண வெள்ளை எல்இடி விளக்குதான் அது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. பெயரைப் பார்த்து அங்கிருந்து வரவழைக்க வேண்டாம். அதே விளக்கு இங்கே ‘பேட்டன் லைட்’ என்ற பெயரில் கிடைக்கிறது. அதற்குப் போக வேண்டிய இடம் பாலஸ்டியர் ரோடு.

கரும்பு, சினிமா, விளக்கு

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு எம்ஆர்டியில் நொவீனா வரை போய், அங்கிருந்து பேருந்து ஏறினேன். வர மாட்டேன் என்றவர், “லைட்டு கடை மட்டும் ஒரு தெரு முழுக்க இருக்கும்” என்றதும் செருப்பை மாட்டினார்.

பாலஸ்டியர் என்ற பெயர் சிங்கப்பூரின் முதல் அமெரிக்கத் துணைத் தூதரான (கான்சல்) ஜோசப் பாலஸ்டியரிடமிருந்து வந்தது. 1830களில் அவர் இங்கே பெரிய கரும்புத் தோட்டம் போட்டார். 1840களின் இறுதிக்குள் அது நொடித்துப்போனது. தோட்டத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் 1847ல் கட்டிய துவா பெக் கோங் கோயில் மட்டும் சாலையோரத்தில் இன்னும் இருக்கிறது. நான் இதைச் சொன்னபோது அம்மா கோயில் வாசலில் நின்று கைகூப்பினார். “தோட்டம் போனாலும் கோயிலு நிக்குது பாரு. நம்ம தோட்டத்துலயும் அப்படித்தான்.”

பக்கத்துத் தெருக்களுக்கு மண்டலே, பெகு, மார்த்தபான் என்று பர்மிய ஊர்ப்பெயர்கள். இன்னொரு தெரு ஜாலான் அம்பாஸ். மலாயில் அம்பாஸ் என்றால் சக்கை. அங்கேதான் ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்படக்கூடம் இருந்தது. பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ 1950ல் வெளிவந்தது. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து மலாயாவுக்கு வந்தவர். தோட்டத்தில் திரை கட்டிப் படம் போட்ட நாள்களில் ரம்லி படங்களை மண்ணில் உட்கார்ந்து பார்த்தவர் அம்மா. “இங்கயா எடுத்தாங்க?” என்று இரண்டு முறை கேட்டார். எட்டு மாதத்தில் சிங்கப்பூரைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

அதற்கு அப்பால், சாலையின் இருபுறமும் விளக்குக் கடைகள். பளிங்குத் தொங்கு விளக்குகள், மீன்வலை போன்ற மூங்கில் விளக்குகள், காற்றாடியோடு சேர்ந்தவை. பட்டப்பகலில் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு கடைகளில், செடிக்கு என்றதும் தலையசைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஒரு பழைய கடை. முன்பக்கம் அலங்கார விளக்குகள், பின்பக்கம் அட்டைப்பெட்டிகள். எழுபது வயது மதிக்கத்தக்க சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

நான் ஆங்கிலத்தில் தொடங்கி லூமென், கெல்வின் என்று அடுக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா மெதுவாக முன்னால் வந்து, “தவுக்கே, லம்பு உந்தோக் அனாக் போக்கோக்” என்றார். மலாயில் நாற்றுக்கு ‘செடியின் குழந்தை’ என்றுதான் சொல்வார்கள். பெரியவர் எழுந்துவிட்டார். அவரும் வீட்டில் மிளகாய் வைத்திருக்கிறாராம். அதன் பிறகு கால் மணி நேரம் இருவரும் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். நான் பை தூக்க வந்தவள்போல நின்றேன்.

தவுக்கே சொன்னது, அம்மா அளந்தது

முதல் கேள்வி நீளம். நான் நாலடி விளக்கு என்று முடிவுசெய்து வந்திருந்தேன். “அலமாரி எவ்வளவு நீளம்?” என்றார் பெரியவர். நான் விழித்தேன். “நாலு சாண்” என்றார் அம்மா. விரலை விரித்து மேசையில் அளந்தும் காட்டினார். பெரியவர் நாடாவை வைத்துப் பார்த்தார்: 90 சென்டிமீட்டர். நாலடி விளக்கு ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றடி விளக்குதான் சரி. கடைக்குப் போகுமுன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, நிறம். 3000 கெல்வின் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 பகல் வெள்ளை. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் ஊதா விளக்கு தேவையில்லை. நீலம் சற்றுக் கூடுதலாக இருந்தால் நாற்று குட்டையாக, தண்டு தடித்து வளரும். அதனால் நாற்றுக்கு 4000 முதல் 6500 வரை எதுவும் சரி. வரவேற்பறையில் வைப்பதானால் 4000 கண்ணுக்கு இதமாக இருக்கும். எங்கள் அலமாரி சமையலறைப் பின்கட்டில் இருப்பதால் 6500 எடுத்தோம்.

மூன்றாவது, லூமென். ‘இத்தனை வாட்டுக்கு இணை’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உண்மையில் இழுக்கும் வாட், தரும் லூமென், இரண்டையும் பாருங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமென் இருந்தால் நல்ல விளக்கு. நாங்கள் எடுத்தது 14 வாட், 1400 லூமென். எத்தனை வேண்டும்? ஒன்று போதும் என்றேன் நான். இரண்டு என்றார் பெரியவர். அம்மா தட்டின் அகலத்தைக் கையால் காட்டி, “மூணு வச்சாத்தான் ஓரத்துக் கன்னுக்கும் விழும்” என்றார். பெரியவர் தலையாட்டினார்.

நான்காவது, பாதுகாப்பு. வீட்டுச் சுவரிலோ கூரையிலோ நிரந்தர வயரிங் செய்ய உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். பிளக் போட்டுச் செருகும் வகை என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றோடொன்று கோத்து ஒரே பிளக்கில் எரியும் வகையாகத் தேர்ந்தெடுத்தோம். மூன்று கால் பிளக்கில் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பெரியவரே காட்டினார். “செடி என்றால் தண்ணீர். வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிப் பிளக்கில் செருகு. தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்” என்றார்.

மூன்று விளக்கு 42 வெள்ளி, வயரும் பிளக்கும் 5 வெள்ளி, நேரம் வைத்து அணைக்கும் டைமர் 9 வெள்ளி. மொத்தம் 56. வீட்டில் துண்டுக்குக் கீழே கிடந்த ஊதா விளக்கை நினைத்துக்கொண்டு பணம் கொடுத்தேன்.

ஒரு சாண்

அன்று மாலையே மாட்டினோம். வெயில் நன்றாக விழட்டும் என்று நான் அலமாரியின் மேல்தட்டில் உயரமாகக் கட்டினேன். செயலியில் பார்த்தால் 2,000 லக்ஸ்கூட இல்லை. மனம் விட்டுப்போயிற்று. அம்மா சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இறக்கினார். நாற்றின் தலைக்கும் விளக்குக்கும் இடையே சுண்டுவிரலும் கட்டைவிரலும் விரித்து வைத்து, “சுடல. ஒரு சாண் போதும்” என்றார். இப்போது 7,000ஐத் தாண்டியது. விலையைவிட, பிராண்டைவிட, தூரம்தான் முக்கியம். எல்இடி அதிகம் சுடாததால் இவ்வளவு பக்கத்தில் வைக்க முடிகிறது. செடி வளர வளர விளக்கை உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

டைமரைக் காலை 6 மணிக்கு எரிந்து இரவு 10 மணிக்கு அணையும்படி வைத்தோம். இருபத்து நான்கு மணி நேரமும் எரியவிடக் கூடாது. தக்காளி போன்ற செடிகள் இருட்டே இல்லாவிட்டால் இலை கெட்டுப்போகும். 42 வாட், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 20 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 6 வெள்ளி.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையில் சத்தம். விளக்கு எரிந்த கையோடு அம்மா எழுந்து, தெளிப்பானோடு நின்றுகொண்டிருந்தார். “பெரட்டுக்குப் போற நேரம்” என்று சிரித்தார். அப்பா போன பிறகு இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை விழித்திருந்தவர், இப்போது பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும், “புள்ளைங்க தூங்கிருச்சு” என்று படுக்கப் போகிறார்.

நான்காவது முறை போட்ட விதை சாயவில்லை. ஆறு வாரத்தில் பென்சில் உயரத்துக்குத் தண்டு தடித்து, எட்டு இலை விட்டது. வெந்தயக்கீரையும் தண்டங்கீரையும் அதே விளக்கில் வளர்ந்து இரண்டு முறை குழம்புக்குப் போயின. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த விளக்கு நாற்றுக்கும் கீரைக்கும்தான். மிளகாய் காய்க்க இதைவிட வலுவான வெளிச்சம் வேண்டும். ஆகவே வளர்ந்த கன்றுகளைக் காலை வெயில் விழும் பொது நடைபாதைக்கு மாற்றினோம். முதல் வாரம் தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று வெயிலுக்குப் பழக்கினார் அம்மா. பழைய நர்சரிப் பாடம் அங்கே உதவியது. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடுவது விதி. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு. இரண்டையும் அவரே கவனித்துக்கொள்கிறார்.

கன்று அதிகமாகிவிட்டதால் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். எதிர்வீட்டு மலாய் மக்சிக் இப்போது மாலையில் மிளகாயைச் சாக்கிட்டு வந்து உட்கார்ந்து பேசுகிறார்.

போன வாரம் நானே கேட்டேன். “அம்மா, ஊருக்கு பஸ் டிக்கெட் போடவா?”

இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: “இப்பதான் மொட்டு வச்சிருக்கு. காய்க்கட்டும், பாப்போம். அதுக்கு முன்னாடி அந்தத் தவுக்கேகிட்ட போகணும். கத்தரிக்கு இன்னொரு தட்டு வேணும்.”

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பாலஸ்டியர் போகிறோம். அலமாரியின் இரண்டாம் தட்டை அம்மா ஏற்கெனவே சாண் போட்டு அளந்துவிட்டார்.