தாயின் நம்பிக்கை

குன்னூரில் நடக்கும்போதெல்லாம், இம்மலையையே கண்டிராத கணித மேதை ஆலன் டூரிங்கை நினைக்கிறேன். அவருடைய தாய் சாரா போத்தனூரில் பிறந்தவர். அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்தில் இருக்க, பிள்ளைகள் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர்.

ஒரு கூற்று நிறுவத்தக்கதா என எப்போதும் தீர்ப்புச் சொல்லவல்ல இயந்திர வழி எதுவும் இல்லையென்று 1936-இல் நிறுவியவர் ஆலன். மனிதரின் தீர்ப்போ விரைவாக வந்தது. ஆணொருவருடன் கொண்ட உறவுக்காக 1952-இல் குற்றவாளியாக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 ஜூன் 7-இல், 41 வயதில், சயனைடு நஞ்சால் மாண்டார்.

தற்கொலை என்றது விசாரணை. விபத்தே என்று நம்பினார் தாய். மகனின் கலங்கிய உள்ளத்தைத் தொலைவிலிருந்தே அறிய நேர்ந்த அத்தாயோடு வாதிட எனக்கு மனமில்லை. 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. பெற்றுக்கொள்ள இருவருமே இல்லை. இரக்கம் மட்டும் ஏனோ எப்போதும் தாமதித்தே வருகிறது.