மேட்டுச் சக்கரம்

வால்பாறை, ஜனவரி 18

கற்பூர மரம் வெட்டு ஆரம்பித்துவிட்டது. ஃபாக்டரி அடுப்புக்கு விறகு இறக்க எஸ்டேட்டின் பழைய மிலிட்டரி லாரியை மறுபடி எடுத்திருக்கிறோம். ஏலத்தில் வந்த சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் செய்தது. நாலு சக்கரமும் இழுக்கும், அடிப்பாகம் பாறையில் தட்டாது. அந்த உயரமே பக்கச் சரிவில் வினையாகிறது. நேரே ஏறுவதற்கோ இறங்குவதற்கோ நான் அஞ்சவில்லை. மலையைக் குறுக்கே வெட்டிப் போகும் அந்தத் துண்டுப் பாதைதான் தொல்லை.

ஜனவரி 19

டிரைவர் அண்ணன் நூலில் ஒரு நட்டைக் கட்டி, மகளின் பாகைமானிக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறார். குறுக்குப் பாதையில் காலி வண்டியை நிறுத்தியபோது நட்டு 14 டிகிரியில் நின்றது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது 30 போல இருந்தது. “நூலைப் பாருங்க சார், ஜன்னலைப் பாக்காதீங்க” என்றார்.

ராத்திரி கணக்குப் போட்டேன். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.8 மீட்டர் என்று வைத்தால் பாதி 0.9. எடையின் மையம் தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்தால் 42 டிகிரிக்கு மேல்தான் கவிழும். விறகை உயர அடுக்கி மையம் 1.5 மீட்டருக்கு ஏறினால் 31. இதுவும் ஏட்டுக் கணக்கு. பள்ளத்துப் பக்கக் கமான் பட்டை அமுங்கி, டயர் பிதுங்கி, மையமும் அந்தப் பக்கம் நகர்வதால் இன்னும் சில டிகிரி போய்விடும். மேட்டுச் சக்கரம் 20 செ.மீ. கல்லில் ஏறும்போது பள்ளத்துச் சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்கினால் அந்த ஆக்சில் மட்டும் 9 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சாயும். சேசிஸ் முறுக்கிக் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக, 14 டிகிரி சரிவைவிட அந்தக் கல்தான் எனக்கு எதிரி.

ஜனவரி 21

மேஸ்திரி முணுமுணுத்தாலும் ஆள் போட்டார். மேட்டுத் தடத்தில் கல்லைக் கடப்பாறையால் பெயர்த்து, பள்ளத்துத் தடத்துக் குழிகளில் போட்டுக் கெட்டித்தார்கள். நட்டு இப்போது 11. பச்சைக் கட்டைகளை அடியில் போட்டோம். பக்கப் பலகைக்கு மேல் ஒரு துண்டு கூடாது. உருளக்கூடிய கட்டை சங்கிலிக்குள் இறுக வேண்டும். வண்டி சாயும் நேரத்தில் சரக்கும் அதே பக்கம் உருண்டால் எந்த டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேட்டுச் சக்கரம் லேசானால் என்ன செய்வீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடிப்பாராம். கேட்க விபரீதமாக இருக்கிறது. ஆனால் அப்படித் திருப்பும்போது வீச்சு வண்டியை மலைப் பக்கம் தள்ளும், மூக்கும் நேர் இறக்கத்துக்கு வந்துவிடும். பயந்துபோய் மேட்டுப் பக்கம் ஒடித்தால் அதே வீச்சு பள்ளத்தில் தள்ளும். கீழே இறங்க இடம் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள நிபந்தனை. டூரிஸ்ட் சீசனில் வண்டியைத் தூக்கிக் கட்டி, மேலே கேரியரில் தண்ணீர் கேனையும் ஏற்றி வரும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஜனவரி 24

எதிர்பாராமல் ராத்திரி மழை. செம்மண் சோப்பாகிவிட்டது. வண்டி பக்கவாட்டில் வழுக்குவதைவிட, வழுக்கிப் போய் அடிக்கட்டையில் முட்டி நிற்பது மோசம். சக்கரம் நின்றுவிடும், மேல் பாகம் நிற்காது. தடத்துக்குக் கீழே தலைநீட்டிய அடிக்கட்டைகளை அறுக்கச் சொன்னேன். மண் காயும்வரை லாரி ஷெட்டில்.

நடை கூடியதற்கும் இன்றைய நிறுத்தத்துக்கும் துரை விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுக்கப் போவதில்லை. மண் காய்ந்ததும், லோடு வண்டியில் பள்ளத்துப் பக்கச் சீட்டில் அவரை உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.