வலி மாத்திரையின் முழு விலை

மலேசியாவில் 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும். நல்லதுதான். ஆனால், பட்டியலில் இருப்பது பாதிக் கணக்குதான்.

என் தம்பி கிராப் ஓட்டுகிறான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது அவனுக்குக் கொடுத்தது பாராசித்தமோலும் டிரமடோலும் கலந்த மாத்திரை. தூக்கம் வரும், தலை சுற்றும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. “மூணு நாள் வீட்டுல படுத்தா அந்தக் காசை யாருக்கா கொடுப்பா?” என்றான். நியாயமான கேள்வி.

பல் மருத்துவருக்கே போன் போட்டோம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு, பாராசித்தமோலையும் ஐபுபுரோஃபெனையும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. ஐபுபுரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும். தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுத்தால் வலி நன்றாகக் குறைகிறது என்பது பல் பிடுங்கியவர்களிடமே சோதித்துப் பார்த்த விஷயம்.

நியூயார்க்கில் கை, கால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 416 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. சிலருக்கு இந்த ஜோடி. மற்றவர்களுக்குப் பாராசித்தமோலோடு ஓபியாய்டு கலந்த மாத்திரைகள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வலி குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதில் டிரமடோல் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஜோடியை ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். கூடுதல் விலை என்றால் அது வசதிக்கான விலை என்பேன். தனித்தனியாக வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே இரண்டு மருந்துதான்.

தம்பி தேறியதைப் பார்த்து அம்மாவும் தன் கழுத்துப் பிடிப்புக்கு அதையே கேட்டார். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். ஐபுபுரோஃபென் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். டிங்கி சந்தேகம் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. எனவே பாராசித்தமோல் மட்டும் கொடுத்தோம். அதையும் எண்ணித்தான் கொடுக்க வேண்டியிருந்தது: அவருடைய சளி மாத்திரையிலும் பாராசித்தமோல் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு.